வலியறிதலும் போக்கிமான் போட்டியும்

விளையாட்டைப் பற்றித் திறனாய்வு எழுதுவது தகுமோ என்று அன்பர் சிலர் வினவக்கூடும். காப்பியத்தையும் நாடகத்தையும் ஆராயும் பக்கத்தில், சிறுவர் தம் கைக்கருவியில் ஆடும் பூதச் சண்டைக்கு என்ன இடம் என்பது அவர்தம் ஐயம். ஐயம் நேரியதே. ஆயினும், விதிகளால் கட்டப்பெற்று, மனித மனத்தை ஈர்த்து, அதற்கு ஏதோ ஒரு பயிற்சியை அளிக்கும் எந்தப் படைப்பும் ஆராய்ச்சிக்கு உரியதே. போரை வெட்சி என்றும் கரந்தை என்றும் பூவின் பெயரால் வகுத்து, அதனை இலக்கணமாக்கிய மொழியைப் பேசுவோர் நாம். போட்டி என்பது எவ்வாறு கட்டமைகிறது என்று எண்ணிப் பார்ப்பது நமக்குப் புதிதன்று.

ஜோகூர் மாநிலத்தின் கிழக்குக் கரையில் அமைந்த மெர்சிங் சிற்றூர், தியோமான் தீவுக்குப் படகேறுவோர் வந்து செல்லும் துறை. வடகிழக்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் கடல் சீறும். படகுப் போக்குவரத்துக் குறையும். சில நாள் நின்றும் போகும். மழை விடாது பெய்யும் அத்தகைய நாட்களில் வீட்டில் அடைபட்ட பிள்ளைகள் எதனை ஆடுகிறார்கள் என்பது பெற்றோர்க்குத் தெரியாததன்று. கைபேசியும் கைக்கருவியுமே துணை. ‘இந்தப் பூதங்களை மோத விட்டு என்ன கண்டாய்?’ என்று கேட்கும் தாய்மாரும், கேள்விக்கு விடை சொல்லத் தெரியாமல் விழிக்கும் பிள்ளைகளும் இந்நாட்டில் எங்கும் உண்டு. அந்தப் பிள்ளைக்காக விடை தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம். விடை முழுவதும் அவன் பக்கமே இருக்கும் என்று முன்கூட்டியே உறுதி கூறுவதற்கில்லை.

சிலந்தியும் தீப்பெட்டியும்

போக்கிமான் என்னும் விளையாட்டு 1996ஆம் ஆண்டு பிப்ரவரி 27ஆம் நாள் ஜப்பானில் முதன்முதல் வெளிவந்தது. அதனைக் கருக்கொண்டவர் சதோஷி தஜிரி. தோக்கியோவின் புறநகர்ப் பகுதியில் வளர்ந்த அவர், சிறுவயதில் பூச்சிகளைத் தேடிப் பிடித்துச் சேர்ப்பதில் பெருவிருப்பு உடையவர். வயலும் குளமும் இருந்த இடங்களில் கட்டடங்கள் எழுந்தபின், தாம் அடைந்த அந்த இன்பத்தை அடுத்த தலைமுறைச் சிறுவர்க்கு வேறொரு வடிவில் தர விரும்பினார். இரண்டு கைக்கருவிகளைக் கம்பியால் இணைக்கும் வசதியைக் கண்டபோது, அக்கம்பியின் வழியே பூச்சிகள் ஊர்ந்து செல்வதாக அவர் கற்பனை செய்தார் என்பது பலரும் அறிந்த செய்தி. பிடித்தல், சேர்த்தல், மாற்றிக் கொள்ளுதல், மோத விடுதல் என்னும் நான்கும் அக்கற்பனையின் கிளைகள்.

இக்கற்பனை மலாயாச் சிறுவர்க்கு அயலானதன்று. புதர்களில் இலையும் இலையும் ஒட்டிய இடத்தில் மறைந்திருக்கும் சண்டைச் சிலந்தியைப் பிடித்து, தீப்பெட்டியில் பச்சிலை வைத்து அடைத்து, நண்பனின் சிலந்தியோடு மோத விட்ட பருவம் இந்நாட்டிலும் சிங்கப்பூரிலும் பல தலைமுறையினர்க்கு உண்டு. தீப்பெட்டி இருந்த சட்டைப்பையில் இன்று கைக்கருவி இருக்கிறது. ஆனால் ஒரு வேறுபாடு குறிக்கத்தக்கது. சிலந்திச் சண்டையில் சிறுவன் காண்போன், போரிடுவது சிலந்தி. போக்கிமான் போட்டியில் உருக்கள் கருவிகள். போரிடுவன சிறுவரின் இரண்டு மனங்கள்.

சேவற்கட்டு இதனினும் பழையது. குப்பையில் மேயும் கோழிகள் விலக்குவார் இல்லாமல் தாமே பொருது தாமே ஓயும் காட்சியை உவமையாக்கியதால், குறுந்தொகைப் புலவர் ஒருவர் குப்பைக்கோழியார் என்றே பெயர் பெற்றார். வெத்துக்கால், கத்திக்கால் என்று சேவற்கட்டில் வகை பிரித்தவர் தமிழர். ஆனால் அதன் இறுதியில் கிடப்பது குருதி. மலேசியாவில் 2015ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டம் விலங்குகளை மோத விடுவதைக் குற்றமாக்கியுள்ளது, அது முறையே. போக்கிமான் விளையாட்டில் தோற்ற உரு இறப்பதில்லை; மயங்கி வீழ்ந்து மீண்டும் எழுகிறது. உயிர்க்கு ஊறு செய்யாமல் போட்டியின் அறிவை மட்டும் பிரித்தெடுக்க இயலுமா என்ற வினாவுக்கு இவ்விளையாட்டு ஒரு விடை எனலாம்.

ஒரு பெயரில் இரண்டு ஆட்டங்கள்

போட்டியாட்டத்தில் புதிதாக நுழைவோன் முதலில் உணர வேண்டியது, போக்கிமான் என்ற ஒரு பெயருக்குள் இரண்டு ஆட்டங்கள் உள்ளன என்பதே. ஒன்று கதையாட்டம், மற்றொன்று போட்டியாட்டம். கதையாட்டத்தில் சிறுவன் ஊர் ஊராகச் செல்கிறான். தனக்குப் பிடித்த உருவை வளர்க்கிறான். அதன் நிலை உயர உயர வழியில் எதிர்ப்படுவோர் எல்லாரும் வீழ்கின்றனர். அங்கே வலிமை என்பது உழைத்த நேரத்தின் கூலி. எதிரில் நிற்பது பொறி, அது சிந்திப்பதில்லை. எனவே, பெரிய தாக்கினைப் பெற்றவன் வெல்வான் என்ற பாடத்தையே கதையாட்டம் கற்பிக்கிறது.

போட்டியாட்டமோ இப்பாடத்தை முதல் நாளிலேயே உடைத்தெறிகிறது. 2009 முதல் உலக அளவில் நடைபெற்றுவரும் அதிகாரப்பூர்வப் போட்டிகளில், உருக்கள் யாவும் 50ஆம் நிலைக்குச் சமப்படுத்தப்படுகின்றன. உழைத்த நேரத்தின் கூலி அங்கே செல்லாக் காசு. ஒவ்வொருவரும் ஆறு உருக்களை அணியாகக் கொணர்வர். எதிரியின் ஆறனையும் பார்த்தபின் தம்முள் நான்கினைத் தேர்ந்து, இரண்டிரண்டாகக் களத்தில் நிறுத்துவர். சதுரங்கத்தில் ஒருவர் நகர்த்திய பின் மற்றவர் நகர்த்துவார். இங்கே இருவரும் ஒரே நேரத்தில் மறைவாக முடிவு செய்கின்றனர்; பின்னரே இரு முடிவுகளும் ஒருங்கே வெளிப்படுகின்றன. எதிரி செய்ததற்கு விடை கூறுவதன்று, செய்யப்போவதற்கு விடை கூறுவதே இங்கு வேலை.

கதையாட்டத்தில் எவரையும் வென்று பழகிய சிறுவன், முதற் போட்டியில் தோற்று, ‘என் உருவுக்கு என்ன குறை?’ என்று கலங்குகிறான். உருவுக்குக் குறையில்லை. எதிரில் மனிதன் ஒருவன் இருக்கிறான் என்பதை அவன் இன்னும் அறியவில்லை; அதுவே குறை.

வழிகாட்டி நூல்களின் பிழை

இங்கேதான் நாம் ஒரு வழக்கைத் தொடுக்க வேண்டியுள்ளது. தொடக்கநிலையினர்க்கென எழுதப்பெறும் வழிகாட்டிகளுள் பெரும்பாலானவை எண்களிலிருந்து தொடங்குகின்றன. ஒவ்வோர் உருவுக்கும் ஆறு ஆற்றல்கள்: உயிர், தாக்கு, காப்பு, சிறப்புத் தாக்கு, சிறப்புக் காப்பு, வேகம். பிறவியால் வரும் எண் ஒவ்வோர் ஆற்றலுக்கும் 0 முதல் 31 வரை. பயிற்சியால் வரும் எண் ஓர் ஆற்றலுக்கு 252 வரை. ஆறுக்கும் சேர்த்து 510. குணம் என ஒன்று உண்டு. அது 25 வகை. அவற்றுள் இருபது, ஓர் ஆற்றலைப் பத்தில் ஒரு பங்கு உயர்த்தி மற்றொன்றை அதே அளவு தாழ்த்தும். ஐந்து எதனையும் மாற்றா. 2022 நவம்பரில் வெளிவந்த ஸ்கார்லெட், வயலட் வரை இக்கணக்கே பல்லாண்டு நிலவியது.

இக்கணக்கு பயனற்றது என்று நாம் கூறவில்லை. ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். கார்ச்சோம்ப் என்னும் உருவின் அடிப்படை வேகம் 102. சாரிசார்ட்டின் அடிப்படை வேகம் 100. இரண்டையும் வேகத்துக்கென்றே முழுமையாகப் பயிற்றி, வேகத்தை உயர்த்தும் குணமும் தந்தால், 50ஆம் நிலையில் முன்னதன் வேகம் 169 ஆகும். பின்னதன் வேகம் 167. வேறுபாடு இரண்டே. ஆயினும், விரைந்தது முந்தித் தாக்கும் என்பதால், முந்திய அடியில் மற்றது வீழ்ந்துவிடுமாயின் அந்த இரண்டே ஆட்டத்தின் முடிவாகிவிடும். 510 என்னும் வரம்பும் பொருளுள்ளது. இரண்டு ஆற்றல்களை நிரப்பினால் எஞ்சுவது ஆறு மட்டுமே. எல்லாவற்றிலும் சிறந்திருக்க எந்த உருவுக்கும் இயலாது. ஒன்றைப் பெற ஒன்றைத் துறக்க வேண்டும் என்னும் வாழ்வின் நெறி எண்ணாக எழுதப்பெற்றிருக்கிறது என்றே கூறலாம்.

ஆனால் முறை தவறு. இரண்டு புள்ளி வேகத்தின் அருமை, அந்த இரண்டால் தோற்றவனுக்கே விளங்கும். தோல்வியைக் காணாதவனுக்கு அது வெறும் எண். நம் பள்ளிகளில் யாப்பு கற்பித்த வரலாற்றை ஈண்டு நினைவுகூர்தல் பொருந்தும். ஒரு வெண்பாவையேனும் சுவைத்து அறியாத மாணவனிடம் நேர், நிரை, தேமா, புளிமா என்று வாய்பாட்டைத் திணித்து, அவனைச் செய்யுளினின்றே விரட்டிய ஆசிரியர் எத்தனை பேர்! இலக்கியம் முன்னது, அதினின்று எடுக்கப்படுவது இலக்கணம். பாட்டின் ஓசை செவியில் நின்றபின், தளை தட்டும்போது செவியே உரைக்கும். போக்கிமான் வழிகாட்டிகளும் வாய்பாட்டை முன்வைத்துப் பாட்டைப் பின்வைக்கும் பிழையைச் செய்கின்றன. அதனால் தொடங்குவோருட் பலர், கணக்கு முடிவதற்குள் களைத்து விலகுகின்றனர். விலகாதோர், கணக்கே ஆட்டம் என்று மயங்குகின்றனர்.

அவ்வாறாயின் எங்கே தொடங்குவது? திருக்குறளில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்று மூன்று அதிகாரங்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. செயலின் வலிமை, தன் வலிமை, மாற்றான் வலிமை, துணைவரின் வலிமை ஆகிய நான்கனையும் எடைபோட்டே இறங்க வேண்டும் என்பது வலியறிதலின் தொடக்கத்திலேயே காணும் கருத்து. தொடக்கக்காரன் தன் வலிமை ஒன்றையே அறிய முயல்கிறான். எஞ்சிய மூன்றும் அவன் பார்வைக்கு அப்பால். அவற்றிலிருந்தே தொடங்க வேண்டும் என்பது நம் கருத்து.

பூவுக்கு எதிர்ப்பூ

மாற்றான் வலிமையை அறிய முதற் படி, இயல்களின் உறவை அறிதல். தீ புல்லை எரிக்கும். நீர் தீயை அணைக்கும். புல் நீரைப் பருகும். இம்முக்கோணமே அடித்தளம். 1996இல் 15 ஆக இருந்த இயல்கள், 1999இல் இருளும் எஃகும் சேர 17 ஆயின. 2013இல் தேவதை இயல் சேர 18 ஆயின. ஓர் இயலின் தாக்கு மற்றோர் இயலின்மீது இருமடங்காகவோ, பாதியாகவோ, சிறிதும் படாமலோ போகும். ஓர் உருவுக்கு இரண்டு இயல்கள் இருப்பின் மடங்குகள் பெருகும். நீரும் பறவையும் ஒன்றான கியாரடோஸ்மீது மின்தாக்கு நான்கு மடங்காக விழுவது இதனாலேயே.

இது நமக்குப் பழகிய சிந்தனை முறை. ஆநிரை கவர்தல் வெட்சியானால் அதனை மீட்டல் கரந்தை. மண்ணாசையால் படையெடுத்தல் வஞ்சியானால் எதிர்நின்று காத்தல் காஞ்சி. மதிலை வளைத்தல் உழிஞையானால் மதிலைக் காத்தல் நொச்சி. புறப்பொருள் வெண்பாமாலை வகுத்துக் காட்டும் இந்த எதிர்நிலைகளில் எந்தப் பூவும் தன்னளவில் வலியதன்று. எதிர்ப்பூவோடு வைத்தே அதற்குப் பொருள். பஞ்சபட்சி சாத்திரத்தில் வல்லூறு, ஆந்தை, காகம், கோழி, மயில் என்னும் ஐந்து பறவைகளுக்கும் நட்பும் பகையும் வகுத்து, ஊண், நடை, அரசு, துயில், சாவு என ஐந்தொழில் கூறி, அரசு புரியும் பொழுதில் பறவை வலிமை பெறும், சாவுப் பொழுதில் குன்றும் என்றனர். அதன் சோதிடப் பயனை நம்புவதும் மறுப்பதும் அவரவர் உரிமை. வலிமை என்பது நிலைத்த பொருளன்று, உறவாலும் பொழுதாலும் மாறுவது என்ற கருத்தே நமக்கு வேண்டியது.

போக்கிமான் போட்டியில் பொழுதும் மாறும். மழை வருவித்தால் நீரின் தாக்கு ஒன்றரை மடங்காகும். தீயின் தாக்கு பாதியாகும். பின்காற்றை எழுப்பினால் நான்கு சுற்றுக்குத் தன் அணியின் வேகம் இரட்டிக்கும். இவற்றினும் வியப்பானது, வேகத்தின் வரிசையையே ஐந்து சுற்றுக்குத் தலைகீழாக்கும் தந்திர அறை என்னும் வித்தை. அதற்குள் மெதுவானது முந்தும், விரைந்தது பிந்தும். மேலே நாம் கண்ட 169, 167 என்னும் அருமையான கணக்கு அந்த ஐந்து சுற்றில் சுமையாகிவிடுகிறது. எண்ணை மட்டும் கற்றவன் இங்கே திகைத்து நிற்பான். காலமறிதலைக் கற்றவன் திகையான்.

சிறு அணிலின் வெற்றி

துணைவரின் வலிமைக்கு ஒரு வரலாற்றுச் சான்று உண்டு. 2014ஆம் ஆண்டு வாஷிங்டன் நகரில் நடந்த உலகப் போட்டியில், தென்கொரியாவின் பார்க் சே-சுன் வாகை சூடினார். அவர் அணியில் பச்சிரிசு என்னும் சிறு அணில் உரு இருந்தது. வழிகாட்டிகளின் சிறந்த உருக்கள் பட்டியலில் அதற்கு இடமில்லை. கண்டவர் நகைக்கத்தக்க தேர்வு. ஆனால் அதன் வேலை வேறு. எதிரியின் தாக்குகளைத் தன்பால் ஈர்த்துக் கொள்ளும் வித்தை அதற்குண்டு; மின்தாக்கை உண்டு உயிர் பெறும் இயற்கைத் திறனும் உண்டு. பக்கத்தில் நின்றதோ மின்னுக்கு நான்கு மடங்கு அஞ்சும் கியாரடோஸ். எதிரி மின்னை ஏவினால் அணில் அதனைக் குடித்துவிடும். வேறொன்றை ஏவினாலும் அணிலே தாங்கும். அதற்குள் கியாரடோஸ் தன் வேலையை முடிக்கும்.

அணில் தன்னளவில் வலியதா என்று கேட்டால், அன்று. அந்த அணியில், அந்த ஆண்டில், அந்தத் துணைக்கு அருகில் அது வலியது. தொடக்கக்காரன் கற்க வேண்டிய பாடம், ‘அணிலைச் சேர்’ என்பதன்று. அவ்வாறு சேர்த்துத் தோற்றோர் ஏராளம். ‘இது எதற்காக இங்கே நிற்கிறது?’ என்ற வினாவை ஒவ்வோர் உருவிடமும் கேள் என்பதே பாடம். விடை கூற இயலாத உரு அணியில் நிற்கத் தகுதியற்றது, அது எவ்வளவு பெரிய நாகமாயினும் சரி.

இவ்வாட்டம் ஒரு நாட்டார்க்கே உரியதன்று என்பதையும் வாகை சூடியோர் பட்டியல் காட்டும். 2018இல் எக்குவடோரின் பால் ரூயிஸ், 2022இல் போர்த்துக்கலின் எடுவார்டோ குன்யா என்று பெரிய போட்டி மரபு இல்லாத நாட்டினரும் வென்றுள்ளனர். சிற்றூர்ப் பிள்ளைக்கு இது ஊக்கம் தரும் செய்தி.

கடலைப் பார்த்த அரண்

மாற்றானை ஊகித்தல் எவ்வளவு அரிது என்பதற்கு மெர்சிங் மண்ணே சான்று பகரும். 1941இல் இவ்வூரைக் காத்து நின்ற ஆஸ்திரேலியப் படையினர், பகைவர் கடல்வழியே வந்து இறங்குவர் என எதிர்பார்த்துக் கரையோரம் முள்வேலியும் கண்ணிவெடியும் அமைத்தனர். 1942 சனவரியில் ஜப்பானியர் வந்தது மெர்சிங் கடற்கரை வழியாக அன்று. வடக்கே எண்டாவ் வழியாகத் தரைவழியே வந்தனர். அணியமாக்கிய அரண் ஒரு பக்கம் இருக்க, போர் மறுபக்கம் வந்து சேர்ந்தது. பின்வாங்கிய படையினர், சனவரி 26 நள்ளிரவை ஒட்டி, மெர்சிங்குக்கும் ஜெமாலுவாங்குக்கும் இடையே நித்ஸ்டேல் தோட்டத்தில் பதுங்கியிருந்து தாக்கினர்; இரு பக்கத்தும் உயிர்கள் பல மாண்டன.

அப்போரையும் இவ்விளையாட்டையும் ஒரே தட்டில் வைப்பது நம் கருத்தன்று. அது மாண்டோரை இழிவுபடுத்துவதாகும். இடனறிதல் எவ்வளவு கடினம், ஊகம் எவ்வளவு எளிதில் பொய்க்கும் என்பதை மட்டும் அவ்வரலாற்றிலிருந்து எடுத்துக் கொள்வோம். போட்டியாட்டத்தில் இதே சிக்கல் ஒவ்வொரு சுற்றிலும் எழுகிறது. என் தீ உரு களத்தில் நிற்கிறது. எதிரே நீர் உரு. பின்வாங்கி வேறொன்றை நிறுத்தலாம். அந்தச் சுற்றுக்கு மட்டும் காப்பு வித்தையால் தற்காத்துக் கொண்டு, துணை உருவால் தாக்கலாம். அல்லது துணிந்து நின்றே அடிக்கலாம். நான் பின்வாங்குவேன் என எதிரி எண்ணினால், வரப்போவதற்கு ஏற்ற தாக்கை ஏவுவான். அப்பொழுது நின்று அடிப்பதே எனக்கு நன்மை. நான் நிற்பேன் என எண்ணினால் நீரை ஏவுவான். அப்பொழுது காப்பதே நன்மை. அவன் என்ன எண்ணுவான் என்பது, முந்திய சுற்றுகளில் நான் எவ்வாறு நடந்து கொண்டேன் என்பதைப் பொறுத்தது. ஆக, மாற்றானை அறிவதற்குத் தன்னை மாற்றானின் கண்ணால் காண வேண்டியிருக்கிறது. இவ்விளையாட்டின் தலையாய சிறப்பு இதுவே என்பது நம் துணிபு.

குறைகள்

சிறப்பைக் கூறிய நாம் குறைகளை மறைத்தல் முறையன்று.

முதலாவது, ஊழின் பங்கு. ஒரு தாக்கின் அளவு ஒவ்வொரு முறையும் 85 முதல் 100 விழுக்காடு வரை 16 படிகளுள் ஒன்றாக அமையும். பாறைச் சரிவு என்னும் தாக்கு நூற்றுக்குத் தொண்ணூறு முறையே இலக்கை அடையும். அடைந்தால், நூற்றுக்கு முப்பது முறை எதிரியை நடுங்க வைத்து அச்சுற்றில் செயலிழக்கச் செய்யும். 24 அடிகளுள் ஒன்று கூர்ந்த அடியாகி ஒன்றரை மடங்கு படும். தாயக்கட்டையின் உருட்டு ஆடுபுலி ஆட்டத்திலும் கலந்தாற்போன்றது இது. இதனால் திறமையாளன் சில வேளை தோற்பான். அதனினும் கேடானது, திறமையற்றவன் தன் ஒவ்வொரு தோல்விக்கும் ஊழைப் பழிப்பான்.

இரண்டாவது, பொருட்செலவு. கைக்கருவியும் விளையாட்டும் தோட்டத் தொழிலாளியின் குடும்பத்துக்கு எளிய செலவல்ல. விதிகளும் அனுமதிக்கப்படும் உருக்களும் காலந்தோறும் மாற்றப்படுகின்றன; புதிய வெளியீட்டைப் பின்தொடராதவன் களத்தினின்று விலக நேர்கிறது. இது கலையின் தேவையன்று, வாணிகத்தின் தேவை. ரசிகர்களே 2011 முதல் நடத்திவரும் ஷோடவுன் என்னும் இலவசக் களமும், 2004இல் தோன்றிய ஸ்மோகன் என்னும் ரசிகர் அமைப்பின் ஆய்வுகளும் இக்குறையை ஓரளவு போக்குகின்றன. அக்களத்தில் உருவைப் பிடிக்கவும் வளர்க்கவும் தேவையின்றி நேரே அணி அமைத்து ஆடலாம். நிறுவனமும் தன் பங்குக்கு, பிறவி எண்ணை உயர்த்தும் பயிற்சியை 2016இலும், குணத்தின் விளைவை மாற்றும் இலையை 2019இலும் தந்து, பழைய வீண் உழைப்பைக் குறைத்தது.

மூன்றாவது, பார்த்து எழுதும் பழக்கம். வென்றவர் அணியை எழுத்துப் பிசகாமல் எடுத்து ஆடுவோரே மிகுதி. அதனால் ஒரே வகை அணிகள் களமெங்கும் நிறைந்து சலிப்புத் தட்டுகிறது. ஆனால் இதனை முழுக்கக் கடிவதற்கும் நமக்கு மனமில்லை. முன்னோர் பாட்டை நெட்டுருச் செய்தே நம் புலவர் பாட்டு எழுதக் கற்றனர். நெட்டுருவில் நின்றுவிடுவதே குற்றம். நெட்டுருவில் தொடங்குவது குற்றமன்று.

தொடங்கும் முறை

எனவே, தொடங்க விரும்பும் பிள்ளைக்கு நாம் கூறுவது இது. முதலில் இரவல் அணி ஒன்றை எடுத்துக் கொள். அதன் ஆறு உருக்களுள் ஒவ்வொன்றும் ஏன் அங்கே நிற்கிறது என்பதை உன் சொல்லில், தமிழில், ஒவ்வொரு வரியாக எழுது. எழுத இயலாத இடத்தில் உன் அறியாமை இருக்கிறது. பின், தோற்றாலும் அணியை மாற்றாமல் பலமுறை ஆடு. மூன்று தோல்விக்கு ஓர் அணி மாற்றுவோன் எந்த அணியையும் அறியான். எதிரியின் ஆறனைக் கண்டவுடன், அவன் எந்த நான்கைக் கொணர்வான் என ஊகித்து, ஊகம் பொய்த்ததா மெய்த்ததா என்று குறித்துக் கொள். தோற்ற ஆட்டத்தில், ஊழால் வந்தது எது, உன் பிழையால் வந்தது எது என்று பிரித்துப் பார். ஊழின் பக்கத்தில் எழுதுமுன் இருமுறை எண்ணு. எண்களை இறுதியில் கல். ஏதோ ஓர் உருவிடம் ஏதோ ஓர் அடியில் மயிரிழையில் வீழ்ந்த நாளில், கணக்கு உன்னைத் தேடி வரும். அன்று நீ அதனை ஒரே மாலையில் கற்றுவிடுவாய்.

இன்னும் ஒன்று. தனியே ஆடாதே. குப்பைக்கோழிகளின் போர் போல, ஊட்டுவாரும் விலக்குவாரும் இன்றி இரவெல்லாம் பொருது ஓய்வதில் பயனில்லை. ஆட்டம் முடிந்தபின், ‘அந்தச் சுற்றில் நீ என்ன எண்ணினாய்?’ என்று எதிராளியிடம் கேட்டு அறியும் உரையாடலிலேதான் கல்வி இருக்கிறது. பெரிய போட்டிகள் தொலைவான நகரங்களில் நிகழட்டும். இருவர் சேர்ந்தால் மெர்சிங்கிலும் ஒரு பள்ளி உண்டு.

முடிவுரை

பெற்றோர்க்கும் ஒரு சொல். 2024 திசம்பரில், ஜோகூருக்கு அண்டையில் உள்ள சிங்கப்பூரில், சென்னையைச் சேர்ந்த 18 வயது குகேஷ் சதுரங்கத்தில் உலக வாகை சூடியபோது நாம் எல்லாரும் மகிழ்ந்தோம். சதுரங்கம் அறிவை வளர்க்கும் என்பதை ஐயமின்றி ஏற்கிறோம். போக்கிமான் போட்டி சதுரங்கத்துக்கு நிகர் என்று நாம் வாதிடவில்லை. சதுரங்கத்தின் ஆழமும் தூய்மையும் இதற்கு இல்லை. ஊழும் வாணிகமும் இதில் கலந்துள்ளன. ஆனால் சதுரங்கம் கற்பிக்காத ஒன்றை இது கற்பிக்கிறது: முழுதும் தெரியாத நிலையில், எதிரில் உள்ளவனின் மனத்தை எண்ணி, தவறவும் கூடும் என்று அறிந்தே முடிவு செய்தல். உழவனும் வணிகனும் கடலோடியும் நாள்தோறும் செய்வது இதனையே. பருவக்காற்றின் இடையே படகை எடுப்பதா வேண்டாவா என்று வானம் பார்க்கும் மெர்சிங் மீனவர்க்கு இவ்வறிவின் அருமையைச் சொல்லித் தர வேண்டியதில்லை.

அப்படியாயின், ‘பூதங்களை மோத விட்டு என்ன கண்டாய்?’ என்ற தாயின் கேள்விக்கு விடை யாது? விடை பிள்ளையைப் பொறுத்தது. கதையாட்டத்தின் மயக்கத்திலேயே நின்று, வலியதைச் சேர்த்து எளியதை வீழ்த்தி மகிழ்பவனிடம் விடை இல்லை. அவனைக் கடிந்து கொள்ளலாம். தோற்ற ஆட்டத்தை எடுத்து வைத்து, ‘இந்த இடத்தில் நான் அவனைத் தவறாக எண்ணிவிட்டேன், அம்மா’ என்று விளக்கத் தெரிந்த பிள்ளையை மேலும் சற்று ஆட விடலாம். நித்ஸ்டேல் தோட்டத்தில் உயிரை விலையாகக் கேட்ட பாடத்தை, உயிர்ச்சேதம் ஏதுமின்றி ஒரு மழைநாள் மாலையில் கற்கும் பேறு அவனுக்குக் கிடைத்திருக்கிறது. அதனை வீணாக்காதிருக்கக் கற்பிப்பதே மூத்தோராகிய நம் கடன்.